ஆளுண்டோ

சற்குணம் எந்தக் கதவையும் சும்மா பூட்டமாட்டார். நேமத்தைத் தாண்டி ஹைவேயை ஒட்டி இருக்கும் பழக் குடோனில் குளிர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஆப்பிள், மாதுளை, ஆரஞ்சு என்று லாரி வந்து இறக்கிக்கொண்டே இருக்கும். டெம்போ வந்து ஏற்றிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கனத்த கதவைப் பாதி சாத்தி, தலையை உள்ளே நீட்டி, "ஆளுண்டோ?" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார். பிறகு மனசுக்குள் ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிகிறவரை காது கொடுத்து நிற்பார். ஆமென் வந்தும் பதில் வராவிட்டால்தான் பூட்டு விழும். சாவியை ஆபீஸ் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்.

பழக்கம் பொல்லாதது. வீட்டுக் குளியலறையைச் சாத்தும்போதும் அவருக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் சபையில் ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபிறகு, கோயில் கதவைச் சாத்தப் போனவர் பீடத்தைப் பார்த்து "ஆளுண்டோ?" என்று கேட்டுவிட்டார். "கர்த்தரையே இல்லியான்னு கேட்ட மனுஷன்" என்று அவர் மனைவி ஜெயபாய் அதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் சிரிக்கமாட்டாள். "குடோன்ல விளியுங்க, வேண்டாங்கல்ல. ஆளில்லாத எடத்துல நின்னு அப்பிடி விளிக்கப்படாது, கேட்டியளா? விளிச்சா பதில் வரும்" என்பாள்.

இந்தப் பழக்கம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. சற்குணம் இளவட்டமாக இருந்தபோது ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே வன்னியபெருமாள் என்று சுமை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர். ஒரு சனிக்கிழமை அவர் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ அறையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தது சற்குணம். வன்னியபெருமாள் கதவோரமாகக் காலைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரிக் கதவுகளுக்கு உள்ளே இருந்து எவ்வளவு தட்டினாலும் வெளியே எறும்பு ஊர்கிற சத்தம்கூடக் கேட்காது. அன்றைக்குப் பிறகுதான் சற்குணம் கேட்கத் தொடங்கினார்.

ஓணம் வந்தால் பழக் குடோன்காரனுக்கு ஓணம் கிடையாது. காணம் விற்றாவது, அதாவது இருக்கிற சொத்தை விற்றாவது, ஓணம் உண்ண வேண்டும் என்பது ஊர் வழக்கு. அப்படி உண்பவர்களுக்குப் பழம் ஏற்றி அனுப்பியே சற்குணத்துக்கு முதுகு ஒடியும். அவர் மகள் நீதுவுக்கு வயது பதினேழு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மூணாறு போனோம், வாகமண் போனோம் என்று படம் காட்டும்போது, இவள் பாலராமபுரம் சந்தைக்குப் போன கதையைத்தான் சொல்ல முடியும். வருஷா வருஷம் "அடுத்த ஓணத்துக்குக் கண்டிப்பா" என்று சொல்லிச் சொல்லி, சொன்ன வாய்க்கே வெட்கம் வந்துவிட்டது. இந்த வருஷம் எப்படியோ தேறியது. திருவோணத்தன்று காலையில் ஹோட்டல்காரர்களுக்கு ஒரு கடைசி லோடு மட்டும் அனுப்பிவிட்டால் இரண்டு நாள் லீவு. ஜெயபாயின் தம்பி சிபி தன் ஆம்னி வேனைக் கொண்டுவருவான். விதுரா வழியாகப் போனக்காடு மலைக்குப் போவதாக ஏற்பாடு. சிபிக்கு அங்கே எஸ்டேட்டில் சிநேகிதன் இருந்தான்.

திருவோணத்தன்று காலையில் குடோனில் இரண்டே பேர். சற்குணமும், அவருக்குக் கையாளாக இருக்கும் மைதீனும். மைதீனுக்குத் தேங்காய்ப்பட்டணம், இங்கே லாட்ஜில் தனியாகத் தங்கியிருக்கிறான். செக்யூரிட்டிக்காரன் ஓணச் சாப்பாடு முடித்து சாயங்காலம்தான் வருவான். லோடு ஏறி டெம்போ கிளம்புவதற்கும் சிபியின் வேன் வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. ஹாரன் அடித்தான் பாருங்கள், கல்யாண ஊர்வலத்தில்கூட யாரும் அப்படி அடிக்கமாட்டார்கள். நீது ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அப்பா, வேகம் வா!" என்று கத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்து வெகுநாளாயிற்று. சற்குணம் ஓடிப்போய் வேனில் ஏறினார். கதவு பூட்டியிருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

கிழக்கேகோட்டை தாண்டி, நெடுமங்காடு நெருங்கும்போதுதான் தொடையில் என்னவோ குத்தியது. பாக்கெட்டில் கை விட்டார். குளிர் அறையின் சாவி.

ஆணியில் மாட்டவில்லை. அது பெரிய விஷயமில்லை, திரும்பிப்போய் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கூப்பிடுவது, ஜெபம், பூட்டு, ஆணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் காரியத்தில் கடைசிக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது. அப்படியானால் முதல் கண்ணி? கூப்பிட்டோமா? யோசித்துப் பார்த்தார். கூப்பிட்டது நினைவில் வந்தது. ஆனால் அது நேற்றுக் கூப்பிட்டதாகவும் இருக்கலாம், போன மாசம் கூப்பிட்டதாகவும் இருக்கலாம். தினமும் செய்கிற காரியத்தில் இன்றைக்குச் செய்ததை மட்டும் பிரித்தெடுக்க யாரால் முடியும்? காலையில் பல் தேய்த்தோமா என்பதை நாக்கால் தடவிப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம்.

விதுராவில் டீக்கடைக்கு முன்னால் வேன் நின்றது. சற்குணம் கொஞ்சம் தள்ளிப்போய் மைதீனுக்கு போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஊருக்குப் பஸ் ஏறியிருப்பான், வழியில் ரேஞ்ச் இருக்காது என்று சொல்லிக்கொண்டார். சூப்பர்வைசர் ஷெமியைக் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பாள். அவள் வீடு குடோனுக்குப் பக்கம்தான். ஆனால் திருவோண நாளில், விருந்துச் சமையலில் இருப்பவளிடம் என்ன சொல்வது? பூட்டை உடைத்துப் பாரும்மா, உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள் என்றா?

"அத்தான், குடோன் உங்கள விட்டாலும் நீங்க குடோன விடமாட்டிய போல இருக்கே" என்றான் சிபி, டீயை நீட்டியபடி.

நீது பருப்புவடையைக் கடித்துக்கொண்டே வேனுக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். திரும்பிப் போகலாம் என்று அப்பா சொல்லிவிடுவாரோ என்ற பயம் அந்தப் பார்வையில் அப்பட்டமாக இருந்தது. சற்குணம் போனைப் பாக்கெட்டில் போட்டார். அன்று அவர் செய்த பாவம் அதுதான். மறதியைக்கூட மன்னித்துவிடலாம், நினைவு வந்தபிறகு அதை மூடிவைத்தது வேறு விஷயம்.

விதுராவை விட்டதும் போனில் சிக்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றுமில்லாமல் போனது. செக்போஸ்டில் பெயர் சொல்லிவிட்டு மேலே ஏறினார்கள். கீழே கொளுத்திய வெயிலை வளைவுகளில் எங்கேயோ தொலைத்துவிட்டு, மேலே போனால் புகை மாதிரி மூடுபனி. தேயிலைச் செடிகள் யாரும் வெட்டிவிடாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. சிபியின் சிநேகிதன் வீடு தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் இருந்தது. அவன் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தான். பக்கத்து லயத்தில் புகை வந்தது, நாய் குரைத்தது. இந்த வரிசையின் கடைசி வீடு மட்டும் குடியொழிந்து, கதவு திறந்தே கிடந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் அந்த வீட்டுக்குள் ஓடினார்கள்.

ஒரே ஒரு அறை, காரை பெயர்ந்த சுவர். தரையில் உட்கார்ந்து ஜெயபாய் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நீது சிரித்துச் சிரித்துப் பேசினாள். சற்குணத்துக்குச் சோறு இறங்கவில்லை. அறை அவருக்குப் பழக்கமான மாதிரி இருந்தது; ஏன் என்றுதான் புரியவில்லை. மழை விடுகிறதாக இல்லை. நனைந்தாலும் பரவாயில்லை, பாதை கெடுவதற்குள் இறங்கிவிடலாம் என்றான் சிபி. அவன் துண்டையும் ஜெயபாய் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். நீது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியாக வெளியே வந்த சற்குணம், நல்ல மனுஷனாக, கதவை இழுத்துச் சாத்தினார். பாதி சாத்தியதும் அவரைக் கேட்காமலே தலை உள்ளே போனது.

"ஆளுண்டோ?"

கேட்டபிறகுதான் எங்கே நின்று கேட்கிறோம் என்று உறைத்தது. ஆனாலும் ஜெபம் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. பாதி ஜெபம் போயிருக்கும்.

"உண்டு, அண்ணாச்சி."

குரல் கனமாக, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் வந்தது. சற்குணம் கதவை முழுசாகத் திறந்தார். இப்போதுதான் சாப்பிட்ட இலைகள் கிடந்தன. ஆள் இல்லை. ஆனால் அறை மாறியிருந்தது. அவர் விட்ட மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாகப் புகைந்தது. ஆப்பிளும் நனைந்த அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. அவர் தினமும் சட்டையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிற அதே வாசனை.

"அப்பா, அகத்து ஆரா?" என்றாள் நீது, பயந்து அவர் பின்னால் ஒட்டி நின்று. "ஆரோ உண்டுன்னு சொன்னாங்கல்ல? எனக்குப் பேடியாவுது."

ஆக, அவர் காதுக்கு மட்டும் கேட்கவில்லை. அந்த நிமிஷம் காலையில் நடந்தது அவருக்கு ஒழுங்காக, ஒன்று விடாமல் நினைவு வந்தது. "மைதீனே, அந்த மாதுளப் பெட்டி ரெண்டயும் பின்னால தள்ளி வச்சிரு" என்று சொன்னதே அவர்தான். அவன் உள்ளே போனான். ஹாரன் அடித்தது. அவர் பூட்டினார்.

"மாப்ள, வண்டிய எடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜெயபாய் என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்த வீட்டுக் கதவை அவர் சாத்தவில்லை. பதில் வந்த கதவைச் சாத்தக் கூடாது.

இறங்குகிற வழி முழுக்க போனை உயர்த்திப் பிடித்தபடியே வந்தார். விதுரா எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கம்பி வந்தது. ஷெமி எடுத்தாள். "மோளே, மைதீன் குளிர் ரூம்ல இருக்கான். நான்தான் பூட்டிட்டேன். பூட்ட அறுத்திரு. ஒண்ணும் கேக்காத, ஓடு" என்றார். அதற்குமேல் அழுகைதான் வந்தது. எல்லார் முன்னாலும், வெட்கமில்லாமல் அழுதார். ஜெயபாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஜெபித்தாள். அவர் கண்ணுக்கு முன்னால், காலைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வன்னியபெருமாள்தான் இருந்தார். ஆனால் முகம் மைதீனுடையதாக இருந்தது.

நெடுமங்காட்டில் போன் அடித்தது. எடுக்கப் பயந்து நீதுவிடம் கொடுத்தார். ஸ்பீக்கரில் ஷெமியின் குரல் மூச்சிரைத்தது. "சேட்டா, ஆள் உண்டு. ஜீவன் உண்டு. ஆஸ்பத்திரிக்கு எடுத்தாச்சு."

ஆஸ்பத்திரியில் மைதீனுக்கு இரண்டு கம்பளி போர்த்தியிருந்தார்கள். அட்டைப்பெட்டிகளைக் கிழித்து உடம்பைச் சுற்றிக்கொண்டு ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்ததால் தப்பினான் என்றார் டாக்டர். உதடு இன்னும் நீலமாகத்தான் இருந்தது. சற்குணம் கட்டிலோரம் போய் நின்றார். மன்னிச்சிரு என்ற வார்த்தையை வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்தார்.

மைதீன்தான் முதலில் பேசினான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, நீங்க வந்து விளிச்சியளே. எனக்குக் கேட்டுது. கண்ணு சொருவிட்டு இருந்தேன், ஒங்க சத்தத்துலதான் முழிச்சேன். உண்டுன்னு சொன்னேன். பிள்ள ஆரான்னு கேட்டதும் கேட்டுது. வெளிய நல்ல மழ. அந்த எரச்சல்ல எனக்க சத்தம் ஒங்களுக்குக் கேக்கலியோ?"

"மழயோ?" என்று ஷெமி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காலைல முதல் இங்க நல்ல வெயிலல்லே, மைதீனே."

நீது அப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் சுடிதாரின் ஓரம் இன்னும் ஈரமாக, செம்மண் அப்பியபடி இருந்தது.

"கேட்டுது மக்ளே" என்றார் சற்குணம்.

"பின்ன ஏன் தொறக்காம போனிய?"

சற்குணம் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அது இன்னும் குளிர்ந்துதான் கிடந்தது.

"சாவி எனக்க கையிலதான் இருந்துது, மக்ளே" என்றார். "கதவுதான் தூரத்துல இருந்துது."