சேவலுக்கு ஒரு தொண்டை

வாசகப் பெருமக்களே, நீங்களே சாட்சி! நாமக்கல்லை நெருங்கும்போது எங்கள் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோரப் பட்டறையில் சரசு என்னும் பெண்மணி, பழைய லாரி உதிரிகளைக் கொண்டே ஆளுயரச் சேவல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். உடைந்த ஸ்பிரிங் பட்டைகள் வாலாக விரிந்திருக்கின்றன; பல்சக்கரத் துண்டு கொண்டையாகச் சிலிர்த்திருக்கிறது. தலையை ஒற்றைக் கம்பி தாங்க, கழுத்து இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

“தொண்டையை எப்போது வைப்பீர்கள், அக்கா?” என்கிறேன்.

“அதாங்க சிக்கலு. சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்காரங்க எடுக்க வாராங்க. நான் எதையும் அறுக்கறதில்லீங்க தம்பி, கெடைச்ச உருவத்துலயே பொருந்தோணும். சைலன்சர வெச்சா கனத்துல தலை சாஞ்சிருது.”

நானும் குவியலைக் கிளறுகிறேன். நான் நீட்டும் எதுவும் அவருக்குத் தேறவில்லை. அவர் பார்வையோ என் கையிலிருக்கும் கோப்பையில் நிலைக்கிறது. நேற்றுத் திருச்செங்கோட்டில் பேச்சுப் போட்டியில் நான் வென்ற கோப்பை!

“ஏனுங்க, அது ஊட்டுல சும்மாதானுங்க நிக்கும்?”

கோப்பையைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுக்கிறேன். அவர் கம்பியை உருவிவிட்டு, அதைச் சேவலின் கழுத்தில் கவிழ்த்து வைக்கிறார். அகன்ற வாய் மார்பிலும் குறுகிய கால் தலையிலும் அளவெடுத்ததுபோல் அமர்கின்றன.

“இன்னொண்ணு கொண்டாந்தீங்கன்னா பெட்டையும் செஞ்சிரலாமுங்க,” என்று சிரிக்கிறார். “அடுத்த போட்டியில தோத்துப்போனா என்னங்க பண்ணுவீங்க?”

பேருந்து புறப்படுகிறது. படியில் நின்று, பயணிகள் அனைவரும் கேட்க முழங்குகிறேன்: “வென்றால் கோப்பையோடு வருவேன், தோற்றால் வெறுங்கையோடு வந்து உங்களுக்கு இரும்பு சுமப்பேன், அக்கா!”