லேட்டாகப் பேசிய பெட்டி

அந்தக் குடியிருப்பில் வாஷிங் மெஷின் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மெஷின் பழுது பார்க்கிறார். மூடியைத் திறக்கும் முன்பே, சுற்றுகிற சத்தத்தைக் கேட்டு பேரிங் போயிருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

ஒருமுறை இசை ஆசிரியை ஒருவர் வீட்டில், மெஷினிலிருந்து கழற்றிய, துணி சுழலும் டிரம்மில் விரிசல் எங்கே என்று விரலை மடக்கித் தட்டிக்கொண்டே வந்தார். ஆசிரியை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டார். பூந்தொட்டி, தண்ணீர்க் குழாய், லாரி ஸ்பிரிங் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தாளமாக வாசிக்கும் குழு ஒன்றை அவர் நடத்திவந்தார். அக்காவையும் கூப்பிட்டார். பகலெல்லாம் கேட்கிற சத்தம் போதாதா என்று அக்காவின் கணவர் கேட்டார்.

"சத்தத்த நிறுத்துறதுதான் என் வேலை. ஒரு நாளாவது நானே போடுறேனே" என்று சொல்லிவிட்டு, பழைய டிரம் மூன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டார்.

குழுவில் லேப்டாப்பைக் கவனித்தவர் ஓய்வுபெற்ற டெலிபோன் இன்ஜினியர். டிரம்மில் ஒட்டிய சின்ன மைக், அக்காவின் ஒவ்வொரு அடியையும் லேப்டாப்புக்கு அனுப்பும். அது ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்கும். மூன்றாவது ஒத்திகையில் இன்ஜினியர் கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தினார். அக்கா தாளத்துக்குப் பின்தங்குகிறார், கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது என்றார்.

அக்கா கோபப்படவில்லை. இன்ஜினியரை டிரம் பக்கத்தில் வந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரே ஒரு அடி அடித்தார்.

"எத்தனை கேட்டுச்சு சார்?"

"ரெண்டு."

"முதல்ல கேட்டது என் கை. லேட்டா பேசுறது உங்க பெட்டி."

சத்தம் அறுபடாமல் இருக்க, லேப்டாப் அதைக் கொஞ்சம் தாமதித்து அனுப்பும்படி தானே ஒரு எண்ணைக் கூட்டி வைத்தது இன்ஜினியருக்கு நினைவு வந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று எல்லோர் முன்பும் ஒப்புக்கொண்டு, அதைக் குறைக்கப் போனார். அக்கா தடுத்தார்.

"இருக்கட்டும் சார். இன்னும் தள்ளிப் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல நான் அடிக்கிறேன்."

அடித்தார். போன அடி திரும்பி வருவதற்குள் புது அடி விழுந்தது. இரண்டு கை நாலு கையானது. குழாய் வாசிக்கும் பிளம்பர் தன் முறையையே மறந்துவிட்டார்.

நூலக அரங்கில் நடந்த முதல் நிகழ்ச்சி அந்த வாசிப்போடுதான் தொடங்கியது. நான்கு நிமிடம் அக்கா மட்டும். முடிந்ததும், மூன்றாவது வரிசையில் இருந்த கணவர்தான் முதலில் எழுந்து கைதட்டினார். இப்போது இன்ஜினியர் லேப்டாப்பில் எந்த எண்ணை மாற்றினாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்.

அடுத்த நிகழ்ச்சிக்கான அழைப்பிதழில் அக்காவின் பெயரோடு தாளக் கலைஞர் என்று போடலாமா என்று ஆசிரியை கேட்டார்.

"மெக்கானிக்னே போடுங்க" என்றார் அக்கா. அப்படியே அச்சானது.