வெளிப்பக்கமே திறந்த கதவு

பேய், பிசாசு, குறி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எனக்கிருக்கிற பயமெல்லாம் வேறு மாதிரி. கேஸை அணைத்தேனா, வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டேனா, நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சர்க்கரை இறங்கி எங்காவது விழுந்து வைப்பாரா, இப்படி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், செஞ்சியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

முதல் வெட்கம், இந்த வயதில் நான் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறேன் என்பது. சதுரக் கட்டைகளை அடுக்கி வீடு, கோட்டை எல்லாம் கட்டுவார்களே, அந்த கேம். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். மேஸ்திரி தினமும் ஏதாவது கேட்பார், எனக்குத் தலை சுற்றும், அதனால் வீட்டை அறை அறையாக முதலில் கேமில் கட்டிப் பார்த்தேன். என் மனைவி கலா சும்மா இருப்பாளா?

"மத்த ஆம்பளைங்க சீட்டாடுவாங்க. எங்கூட்டு ஆளு பொம்ம வூடு கட்டுது."

கலாவின் தம்பி சுரேஷ்தான் அந்த மோடைப் போட்டுக் கொடுத்தான். மோட் என்றால் கேமுக்குள் நாமே கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற சமாச்சாரம். இது கதவுக்கென்றே இருந்தது. மரமா இரும்பா, ஒற்றைக் கதவா ரெட்டைக் கதவா, பக்கவாட்டில் நகரணுமா, கோட்டைக் கதவு மாதிரி மேலே ஏறணுமா, உள்ளே திறக்கணுமா வெளியேவா, மெதுவாகவா வேகமாகவா, என்ன சத்தம் வரணும், எல்லாம் நம் இஷ்டம். நான் எல்லாக் கதவையும் வைத்தேன். வாசலுக்கு ரெட்டைக் கதவு. பாத்ரூமுக்கு, எல்லோர் வீட்டிலும் இருப்பதுபோல உள்பக்கம் திறக்கிற ஒற்றைக் கதவு.

அந்தப் பாத்ரூம் கதவு மட்டும் வெளியே திறந்தது.

நான்தான் தப்பாக வைத்துவிட்டேன் என்று மாற்றினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மறுபடி வெளியே. கதவையே எடுத்துவிட்டுப் புதுசு வைத்தேன், அதுவும் வெளியே. மற்ற கதவெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, இது மட்டும் கேட்கவில்லை. சுரேஷைக் கேட்டால், "அது பக்கு மாமா, கேம்ல இருக்கற கோளாறு, எதுக்கெடுத்தாலும் டென்சன் ஆவாத" என்றான். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு மத்தியானம் அந்தக் கதவு திறக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் மக் சிமெண்ட் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி நிற்கிற சத்தம். மோடில் இருந்த சத்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கிறீச்சென்று மரம், டங்கென்று இரும்பு, உரசுகிற கல். மக் சத்தம் எதிலும் இல்லை.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். அப்போது வீட்டில் கதவு மாட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. நேராக ஆசாரியிடம் போய், பாத்ரூம் கதவை வெளியே திறக்கிற மாதிரி மாட்டுங்கள் என்றேன்.

"இன்னாபா, தண்ணியெல்லாம் கூடத்துல சொட்டும். யார் சொன்னாங்க உனக்கு?"

கேம் சொன்னது என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "வாஸ்துங்க. அவலூர்பேட்டையில ஒரு ஜோசியர் பாத்துச் சொன்னாரு."

அவ்வளவுதான். ஆசாரி கீலை வெளிப்பக்கம் மாற்றி வைத்தார். வாஸ்து என்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நைனா மட்டும் சிரித்தார். "எட்டாவதுலயே பரிச்சைக்கு பயந்து ஓடியாந்தவன். இவனுக்குக் கதவுன்னாலும் பயம்."

குடிபோன பிறகு ஓர் அமாவாசை. கலாவும் பிள்ளைகளும் மேல்மலையனூர் கோயிலுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். வீட்டில் நானும் நைனாவும்தான். விளக்கு வைக்கிற நேரம், அவர் குளிக்கப் போனார். தாழ்ப்பாள் போடாதே என்று நான் தினமும் நச்சரிப்பதால் சும்மா சாத்திக்கொள்வார். நான் கூடத்தில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

மக் விழுந்தது. உருண்டது. சுவரில் முட்டி நின்றது.

அதே சத்தம். நான் எப்படி எழுந்து ஓடினேன் என்று தெரியாது. கதவைப் பிடித்து இழுத்ததும் நைனா என் காலில் வந்து சரிந்தார். கதவில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தபடி மயங்கியிருக்கிறார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது, வாய் கோணியிருந்தது. என் லோடு ஆட்டோவிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். பிழைத்துவிட்டார். டாக்டரம்மா விசாரித்துவிட்டு, "நல்லவேளை, கதவு வெளிய திறந்துச்சு. உள்ள தள்றதா இருந்தா இவர் வெயிட்டுக்கு அசைச்சிருக்கவே முடியாது" என்றார்.

இங்கிருந்துதான் நிஜமான வெட்கம். வந்து பார்க்கிற எல்லோரிடமும் நைனா பெருமையடிக்கிறார். "எம் புள்ள எட்டாவதுதான். ஆனா எனக்கு இன்னா ஆவும்னு முன்னாடியே யோசிச்சு கதவு வச்சிருக்கான் பாரு." என் நாற்பது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது இது ஒன்றுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு டீ எடுக்கப் போய்விடுவேன்.

ஆசாரி வேறு அவலூர்பேட்டை ஜோசியர் கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருக்கிறார். அக்கா வந்து, "அந்த ஜோசியர் எங்கப்பா இருக்காரு, எங்கூட்டுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவலூர்பேட்டை மார்க்கெட் பக்கம் விசாரியுங்கள் என்றேன். வெயிலில் பஸ் பிடித்துப் போய், கடை கடையாகக் கேட்டுவிட்டு, சாயங்காலம் அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "ஒருத்தருக்கும் தெரியலப்பா. எங்கூட்டு நேரம் அப்டி." என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்றைக்குத்தான், நைனா விழுந்த பிறகு முதல் தடவையாக, கேமைத் திறந்தேன். பாத்ரூம் கதவு நான் முதலில் வைத்தபடி உள்ளே திறந்தது. சாதுவாக. சத்தம்கூட மரச் சத்தம்தான். அப்பாடா என்று வாசல் பக்கம் திரும்பினேன். ரெட்டைக் கதவு இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்து கிடந்தது. சாத்தினேன். திரும்புவதற்குள் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினேன், மறுபடியும். எங்கள் பக்கம் வாசல் கதவை ரெண்டு பக்கமும் திறந்து போட்டு, யாரும் சாத்தாமல் விடுவது எழவு விழுந்த வீட்டில்தான்.

இன்றுவரை அது சாத்திக்கொள்ளவில்லை. தினமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு எழுந்துபோய் நிஜ வாசல் கதவைத் தாழ் போட்டு, இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். நைனா கட்டிலில் இருந்தபடி சிரிப்பார். "போதும் வாடா, நல்லாதான் சாத்தியிருக்க."

அவலூர்பேட்டையில் அப்படி ஒரு ஜோசியர் நிஜமாகவே இருந்தால், முதல் பஸ்ஸில் நானே போயிருப்பேன்.