பூட்டாத வீட்டின் சாவி

என் மேஜை இழுப்பறையில் ஒரு பித்தளைச் சாவி கிடக்கிறது. உப்புக் காற்றில் பச்சை பிடித்துவிடுகிறது என்று அடிக்கடி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். என் வீட்டுச் சாவி இல்லை அது. எங்கள் கடற்கரைப் பக்கத்து அகதி முகாமில், கேட்டிலிருந்து நான்காவது வீட்டின் சாவி. ஒன்பது வருடம் பூட்டே இல்லாமல் கிடந்த வீடு. அப்படிக் கிடந்ததற்குக் காரணம் நான்தான்.

அந்த வீட்டுக்காரரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். அங்கே சண்டை நடந்தபோது பேத்தி படகேறி இங்கே வந்தார். தாத்தாவின் ஊருக்கே வந்தும் காகிதத்தில் வெளிநாட்டுக்காரர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகளை ஈரோட்டுப் பக்கத்து முகாமில் கட்டிக்கொடுத்துவிட்டு, மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைத்தார். குடியுரிமைக்கு எழுதிப்போட அவர் வந்தபோது மனு வாங்கும் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எதற்கு அக்கா இந்த வயதில் என்று கேட்டேன். "நான் செத்தா எரிக்கிற எடத்து ரசீதுல அகதின்னு போடக் கூடாது தம்பி. அவ்ளோதான்" என்றார்.

மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்வதுபோல ஒரு வார்த்தை சொன்னேன். "விசாரணைக்கு வருவாங்க. வர்றப்ப வீடு பூட்டியிருந்துச்சுன்னா ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. எங்கயும் போயிடாதீங்க." வரிசையில் நிற்பவர்களை நகர்த்துவதற்காகக் குமாஸ்தாக்கள் வாயில் தானாக வரும் வாக்கியம் அது. சொன்ன சாயங்காலமே மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை.

மகள் இருக்கும் ஊரில் வேலை செய்கிற முகாம்காரர்கள் நிறையப் பேர். மாதாமாதம் முகாமில் தலை எண்ணும் நாளில் மட்டும் இங்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அக்கா அப்படிப் போகவில்லை. பூட்டு வாங்கவும் இல்லை. கதவைக் கம்பியால் சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். உப்பு மூட்டை கட்டும் கொட்டகையில் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தும் வேண்டாம் என்றார். அங்கிருந்து முகாம் கேட் தெரியாதாம். கேட் தெரிகிற பாத்தியில் வெயிலில் நின்று வாருவார். ஜீப் ஏதாவது உள்ளே திரும்பினால் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வருவார். பால் வண்டிக்கும் ஓடியிருக்கிறார், ரேஷன் லாரிக்கும் ஓடியிருக்கிறார். மேஸ்திரி சிரிப்பார். நானும் ஒருநாள் கேட்டுச் சிரித்தேன்.

மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தபோது போன் மேல் போன். அக்கா போகவில்லை. "இந்த வாரம் வந்துட்டாங்கன்னா?" என்றார். குழந்தை பிறந்தது. மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேரனுக்கு மூன்று வயதாகும்வரை அவர் பார்த்தது வேறு யாரோ போனில் காட்டிய ஒரு போட்டோவைத்தான்.

நான் மனைவியை இழந்து, பக்கத்து ஊரான அனுமந்தையில் ஒற்றை அறையில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் முகாமுக்குப் போய் அவர் பால் விடாமல் போடும் வரட்டீயைக் குடிப்பேன். அந்த ஊரில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே மனுஷி. "ஃபைல் எங்கப்பா இருக்கு?" என்பார். "மேல போயிருக்குக்கா" என்பேன். எங்கே என்று எனக்கே தெரியாது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அந்தக் கோப்பை நானே தேடி எடுத்தேன். விசாரணை முதல் மாதத்திலேயே முடிந்திருந்தது. போனவர் முகாம் அலுவலகத்திலேயே உட்கார்ந்து, மனுதாரர் தொடர்ந்து வசித்து வருவதாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டார். வீட்டுப் பக்கம் அடியெடுத்து வைக்கவில்லை. அப்புறம் எதற்கு இத்தனை வருடம்? வசிப்பிட அறிக்கை, காவல் அறிக்கை, பிரமாணப் பத்திரம் மூன்றும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று வந்து சேர்வதற்குள் இன்னொன்று காலாவதி. பழையது என்று திருப்பி அனுப்பினார்கள். புதிதாக வாங்குவதற்குள் அடுத்தது பழையதாகிவிட்டது. மாவட்டத்துக்கும் சென்னைக்கும் நடுவில் கோப்பு நான்கு முறை நடந்திருந்தது. யாரும் அதை நிறுத்தி வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

இதை அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஞாயிறு ஞாயிறாகப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். ஒருநாள் சொல்லிவிட்டேன். "வீட்டுக்கு யாரும் வரலக்கா. வரவும் மாட்டாங்க. நான் சொன்னது சும்மா வாய்ல வந்தது."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப எம்பொண்ணு பிரசவத்துக்கு நான் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்க்கா."

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"நேத்துதான்" என்றேன். அந்தப் பொய்யை இன்றுவரை நான் திருத்தவில்லை.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் மரக்காணம் கடைத்தெருவில் ஒரு பூட்டு வாங்கினார். மகள் ஊருக்குப் போக ஒரு துணிப்பையோடு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது சாவியை என் கையில் வைத்தார். "யாராச்சும் வந்தா நீயே தொறந்து காட்டு. நான் இருக்கேன்னு சொல்லு." கோபமா, கிண்டலா, நிஜமாகவே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அவரும் தலை எண்ணும் நாளில் மட்டும் வருகிறார். மகள் பேசுகிறாளாம். பேரன் முதலில் பக்கத்தில் வரவில்லையாம். இப்போது இவர் தட்டில்தான் சாப்பிடுவானாம். ஆரம்பத்தில் வரும்போதெல்லாம் ஃபைலைப் பற்றிக் கேட்டார். போன மாதம் கேட்கவில்லை. சாவியை வாங்கிக் கதவைத் திறந்து கூட்டிப் பெருக்கினார், எனக்கு டீ போட்டுக் கொடுத்தார், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கோப்பு சென்னையில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

எனக்கு ஓய்வு வாழ்க்கை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாக அங்கே போகிறது. இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய், பூட்டைத் திறந்து, அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டீ போட்டுக்கொள்ளத் தோன்றுவதில்லை. அங்கிருந்து கேட் நன்றாகத் தெரிகிறது. வண்டி ஏதாவது உள்ளே திரும்பினால், பால் வண்டிதான் என்று தெரிந்தும், எழுந்து நின்றுவிடுகிறேன்.