ஹைட்ரஜன் எந்தப் பக்கம் போகும்?

எங்கள் திருவொற்றியூர் கம்பெனியில் கெமிஸ்ட் சங்கரநாராயணனிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். மணியோடு ஒரு விதியையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். பி.எஸ்ஸி. ஆனர்ஸ் அல்லவா!

இரட்டைப் பிணைப்புள்ள பொருளோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் என்ன விளையும் என்று, செய்து பார்க்காமலே சொல்வதுதான் அவருடைய பெருமை. அந்த இரண்டு கார்பன்களில் எதில் ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகமோ, புதிதாக வரும் ஹைட்ரஜனும் அங்கேயே போய் ஒட்டும்; புரோமின் மற்றதில். இதை அவர் குடுவையோடு விட்டிருக்கலாம். போனஸ் ஏன் ஆபீசர்களுக்கு மட்டும் என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேட்டபோதும் இதையே எடுத்து விட்டார்.

"இருக்கிற இடத்துலதான் சேரும். இயற்கையே அப்படித்தான்."

இன்னொரு கட்டளையும் அவருடையது. வெயில் ஏறினால் உள்ளே ஆவி சேர்ந்து பாட்டில் தக்கை தெறித்துவிடுமாம். அதனால் தினமும் காலையில் பாட்டில்களை ஜன்னலோரம் வைத்து, தக்கையைக் கழற்றி, மூச்சு விடவைக்க வேண்டும். ஆய்வுக்கூட உதவியாள் ரஷீது, இரட்டைப் பிணைப்புள்ள அல்லைல் புரோமைடின் நெடியில் கண்ணீர் வழிய வழிய அதைச் செய்தார்.

ஐம்பத்து நாலாம் வருஷம் தலைமை கெமிஸ்ட் பதவி காலியானது. முதலாளியும் பம்பாயிலிருந்து வந்த நிபுணர் ஒருவரும் பார்க்க, சங்கரநாராயணன் அல்லைல் புரோமைடில் ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்துக் காட்டினார். தம் விதிப்படி கிடைக்கும் சரக்கு நூற்று நாற்பத்தொரு டிகிரியில் கொதிக்கும் என்று முன்கூட்டியே அறிவித்தார்.

தெர்மாமீட்டர் அதைத் தாண்டிப் போய் நூற்று அறுபத்தேழில் நின்றது. அவர் அதைத் தட்டினார், மாற்றினார், முறைத்தார். பாதரசம் அசையவில்லை.

"பாட்டில் காற்றுப்பட்டு இருந்ததா?" என்றார் நிபுணர். "காற்றும் வெளிச்சமும் பட்டால் பெராக்சைடு உண்டாகும். அது இருந்தால் உங்கள் விதி தலைகீழ். புரோமின் ஓரத்துக்குப் போய்விடும். யார் திறந்து வைத்தது?"

"ரஷீதுதான் சார். எத்தனை தடவை சொன்னாலும் கேக்கமாட்டான்!"

ரஷீது திகைத்துப் போனார். "இன்னா சார் இது? நீங்கதான தெனமும் தொறக்க சொன்னீங்கோ? என் வேலைக்கு ஒல வெச்சிடாதீங்க சார், புள்ளகுட்டிக்காரன்."

முதலாளி ஆனர்ஸைப் பார்த்தார், ரஷீதின் காக்கி அரை நிஜாரைப் பார்த்தார். யோசிக்க அவருக்கு அவ்வளவு போதும். சாயங்காலமே ரஷீதுக்கு வேலை போயிற்று. தவறைத் தயங்காமல் எடுத்துச் சொன்னதற்காகச் சங்கரநாராயணனுக்குப் பதவி கிடைத்தது.

கேட்டருகே ரஷீது அவரை நிறுத்தினார்.

"உன் விதி கரீட்டுதான் சார், இருக்குற எடத்துலதான் சேருது. பாட்டில்ல காத்து பட்டுச்சி, மாறிகிச்சி. இந்தக் கம்பெனில எங்க காத்து படுது?"

ராயபுரம் பக்கமாக நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலை தலைமை கெமிஸ்ட் தம் முதல் உத்தரவைப் போட்டார். இனி எந்தப் பாட்டிலின் தக்கையையும் யாரும் காலையில் கழற்றக் கூடாது.