நனைய வேண்டிய கண்ணாடி

தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஈரப்பதம்" என்றால்தான் தெரியும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சட்டைப்பையிலிருந்து ஈரமானியை எடுத்துப் பார்த்த பிறகே நலம் விசாரிப்பான். பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனவன், "இந்த ரூம்ல எண்பது சதவீதம் இருக்கு, ஜன்னலைத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். குழந்தை ஆணா பெண்ணா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

அவன் தொழில் அப்படி. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை வைத்துச் சூரிய மின்கலம் செய்கிறான். கரைசலைக் கண்ணாடித் துண்டில் சொட்டவிட்டு வேகமாகச் சுழற்றினால், தலைமுடியைவிட மெல்லிய கறுப்புப் படலம் படியும். வெயிலில் வைத்தால் மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கும். எல்லாம் புது மாப்பிள்ளை முறுக்குதான். காற்றிலிருந்து கொஞ்சம் ஈரம் உள்ளே புகுந்தால் போதும், கறுப்பு மஞ்சளாகும், மின்சாரமும் படுத்துவிடும்.

சிறுவயதில் ஐஸ் கட்டிக்குக் கம்பளி போர்த்தி வைத்தவன் அவன். வீடே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோருடைய ஐஸும் தண்ணீராகிப் போன பின்னும் தம்பியுடையது கட்டியாகவே இருந்ததை அவள் கண்ணால் பார்த்தவள்.

அதே பிடிவாதத்தோடு, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலத்தை வைத்து, விளிம்பைச் சுற்றி ரப்பர் போன்ற பசையால் அடைக்கும் வழியை அவன் கண்டுபிடித்தான். கூடத்துக்குள் தேறியது. இனி வானம் பார்த்த பரீட்சை.

"மழைக்காலம் முழுக்க வெளியில தாக்குப் பிடிக்கணும்," என்றார் மேலதிகாரியான மேடம். "இல்லேன்னா இந்த வேலையை மூடிட்டு உங்களைக் குடுவை கழுவுற பக்கம் அனுப்பிடுவேன். அங்கே ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை."

கூடத்தின் மாடி பழுதுபார்ப்பில் இருந்ததால், அப்படி அடைத்த மின்கலப் பலகை அக்கா வீட்டு மொட்டைமாடிக்கு வந்தது. அக்கா தையற்காரி. அரை நூல் பிசகினாலும் பிரித்துத் தைப்பவள். அவளிடம் அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான்: "உள்ளே இருக்கிறது என் உயிர், அக்கா. ஈரம் பட்டா எல்லாம் போச்சு."

அது நனைவதற்காகத்தான் அங்கே இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டான்.

மின்சார அளவு கம்பி வழியாக இணையத்தில் ஏறி, கூடத்தில் அவன் மேசைக் கணினியில் கோடாக வந்தது. மழை நாட்களில் கோடு அடியில் படுத்துவிடும். மேகம் என்று நினைத்தான். வெயில் வந்ததும் எழுந்து நிற்கும், துளி குறையாமல். ஈரப்பதத்தின் நடையே மாறியது. பார்க்க வந்த மேடத்தை அவன் மாடிக்கு அழைத்துப் போனபோது மார்பு ஓரடி முன்னால் போனது.

"பாருங்க மேடம், எத்தனை மழை பார்த்திருக்கு! இன்னும் கறுப்பு."

வானமும் அதைக் கேட்டதுபோல் பொட்டுப் பொட்டென்று தூறியது. மறுகணம் படியில் தடதடவென்ற சத்தம். கழுத்தில் அளவு நாடா தொங்க, அக்கா ஓடி வந்தாள். கையில் நீல நிற உறை. ரெயின்கோட் துணி, சுற்றிலும் எலாஸ்டிக், கம்பி வெளியே வர ஒரு காஜா.

"தள்ளுங்கம்மா, தள்ளுங்க!" என்று மேடத்தை ஒதுக்கிவிட்டுப் பலகைக்கு உறையை மாட்டினாள். தலையணை உறைகூட அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. "ஆரம்பத்திலேர்ந்தே இதுமேல ஒரு சொட்டு விட்டதில்லை. என் தம்பி உயிராச்சே!"

தம்பியின் உயிர் அந்த நிமிடம் எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"அக்கா... அது நனையணும்."

"நீதானடா ஈரம் பட்டா போச்சுன்னே?"

"உள்ளே பட்டா! வெளியே பட்டாலும் உள்ளே போகுதான்னு பார்க்கத்தானே வச்சேன்!"

"அதை மாடிப்படி ஏறும்போதே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

மேடம் உறையின் தையலைத் தடவிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. "தையல் அருமை. சோதனை செல்லாது. இன்னையிலேர்ந்து முதல்லேர்ந்து. இதுதான் கடைசி வாய்ப்பு."

அக்கா தானே உறையைக் கழற்றினாள். குழந்தையின் சட்டையைக் குளிரில் கழற்றுவதுபோல.

அதன்பின் பெய்த ஒவ்வொரு மழைக்கும் அவள் கீழே தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து, போட்ட தையலின் மேலேயே மறுபடி தைத்தாள். ஒரு வாடிக்கையாளரின் சட்டையில் கை நுழையும் வழியே அடைபட்டுப் போனது. எழுந்து மாடிக்கு மட்டும் போகவில்லை.

பருவத்தின் கடைசிப் பெருமழை ஓய்ந்த மதியம், அவன் வாசலில் நனைந்த செருப்பை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினான். மூலை மூலையாகப் பார்த்தான். கம்பி வரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தான். மஞ்சள் எங்கும் இல்லை. கூடத்துக்குத் தொலைபேசி செய்தான். வெயிலில் கோடு பழைய உயரத்துக்கு எழுந்துவிட்டதாக மேடமே சொன்னார்.

அவன் படியிறங்கி வந்தான். அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"கறுப்பா?"

"அட்டக் கறுப்பு, அக்கா."

அவள் மேசைக்கடியிலிருந்து, தேய்த்து மடித்த நீல உறையை எடுத்தாள்.

"அப்போ இனிமேலாவது மூடலாமா?"