கோபமே வராத மலை ஆவி

எனக்குப் பேசியிருந்த கீழ்பென்னாத்தூர் பெண் அனுப்பிய முதல் செய்தியில் வணக்கமும் இல்லை, சாப்டீங்களாவும் இல்லை. ஒரு லிங்க் மட்டும் இருந்தது. திறந்தால் பன்னிரண்டு கேள்விகள். பேய், பிசாசு, ஆவியெல்லாம் வருகிற ஒரு ஜப்பான் கார்ட்டூனில் நம்ம குணத்துக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்று கண்டுபிடித்துச் சொல்லுமாம். கார்ட்டூன்லாம் பாப்பீங்களா என்று கேட்டேன். "கார்ட்டூன் இல்லீங்க, அனிமே" என்று திருத்தினாள். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை அவளுக்கு. போக வர பஸ்ஸில் அதைத்தான் பார்ப்பாளாம்.

எங்கள் இருவருக்கும் அப்போது ஏறக்குறைய முடிவாகியிருந்தது. திருவண்ணாமலைப் பெரிய கோயில் பிராகாரத்தில் வைத்து இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டார்கள். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். நிச்சயத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. எனக்கு முப்பத்துநாலு வயது. அதற்கு முன்னால் நாலு வீட்டில், பையன் மரத்தடியிலயா உக்காந்திருக்கான் என்று கேட்டுவிட்டு அப்படியே அமுங்கிவிட்டார்கள். இந்த வீட்டில் மட்டும் யாரும் அதைக் கேட்கவில்லை. பெண்ணே சரி என்று சொல்லிவிட்டதாகத் தரகர் சொன்னார். எனக்கும் அவளை ரொம்பப் பிடித்திருந்தது. இது தட்டிப்போகக் கூடாது என்று, சாமியைக்கூட அதிகம் தொந்தரவு செய்யாத நான், தினமும் ராஜகோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனேன்.

என் தொழிலைச் சொல்ல வேண்டும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் தலை நிமிர நேரமிருக்காது. பட்டா, பென்ஷன், வாரிசுச் சான்று, வழிப்பாதைத் தகராறு என்று வரிசை நிற்கும். வருகிறவர்கள் நடந்ததை நடந்தபடி சொல்வார்கள். அதை அப்படியே எழுதினால் ஒரு காரியமும் ஆகாது. என்ன வேண்டும் என்று முதலில் பார்க்க வேண்டும். அதைக் கொடுக்க அதிகாரிக்கு என்ன வரி தேவையோ, அங்கிருந்து பின்னால் வந்து அந்த வரியை எழுத வேண்டும். பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கை அதற்கே பழகிவிட்டது.

அந்த லிங்க்கையும் நான் மனுவாகத்தான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தேன். முதலில் அவளுக்கு என்ன வந்தது என்று கேட்டுக்கொண்டேன். மழைக்கு முன்னாலேயே வந்து வீட்டு ஆட்களை எச்சரித்துவிட்டுப் போகும் வெள்ளைப் பூனை ஆவியாம். அந்தப் பூனை யாரிடம் ஒட்டிக்கொள்கிறது என்று தேடிப் படித்தேன். மலையைக் காவல் காக்கும் ஒரு நீளமுடிக்காரன் இருந்தான். யார் என்ன செய்தாலும் கோபமே வராதாம். பூனை அவன் மடியில்தான் தூங்குமாம். சரி, திருவண்ணாமலைக்காரனுக்கு மலைதானே பொருத்தம் என்று அவனைக் குறி வைத்தேன். முதல் தடவை வேறு எவனோ வந்தான். இரண்டாவது தடவை ஒரு பாம்பு வந்தது. ஆறாவது கேள்வியில்தான் சிக்கல் என்று தெரிந்துவிட்டது. ஒருத்தர் உங்கள் பொறுமையைச் சோதித்தால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. சிரித்துக்கொண்டே மறுபடி விளக்குவேன் என்று போட்டேன். மலைக்காரன் வந்து நின்றான். படம் பிடித்து அனுப்பிவிட்டேன். தப்பு செய்கிறோம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை, சத்தியமாக. நல்ல மனு எழுதிய திருப்திதான் இருந்தது.

சாயங்காலம் டூட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டாள். நீங்களே போட்டீங்களா என்றாள். நானேதான் என்றேன். ஆறாவது கேள்விக்கு என்ன போட்டீங்க என்று கேட்டாள். சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். விடாமல், கோபம் என்பது எனக்கு வரவே வராது, வேண்டுமானால் எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று இன்னும் ரெண்டு வரி சேர்த்தேன். மனுவில் கடைசியில் சேர்ப்பேனே, அந்த மாதிரி.

 பஸ் சத்தத்துக்கு நடுவே அவள் நிதானமாகச் சொன்னாள். ரெண்டு மாசத்துக்கு முன்னால், தரகர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கெல்லாம் முன்னால், அவள் அத்தையின் விதவை பென்ஷன் விஷயமாக ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரு விவசாயி, மூன்றாவது தடவையாகத் தப்பான சர்வே நம்பரோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அந்த ஆளை நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனுக்கு எத்தினி தடவைய்யா சொல்றது, காதுல என்னா பஞ்சு வெச்சிருக்கியா என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பேனாவைக்கூட விசிறி அடித்தேன். அந்த ஆளுக்குப் பின்னால் வரிசையில் யார் நின்றார்கள் என்றெல்லாம் நான் எங்கே பார்த்தேன்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இது ஒரு விளையாட்டு, இதுக்குப் போயி ஒரு விசாரணையா என்று குரலை உயர்த்தினேன்.

"இப்ப வருதுங்களே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் தரகர் வந்தார். ஜாதகத்தை வேறு ஒருவரிடம் காட்டினார்களாம், ஏதோ ஒன்று சரியில்லையாம். அம்மா அந்த ஜோசியரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அப்பா, எட்டுப் பொருத்தம் இருந்ததே என்று இரண்டு நாள் புலம்பிக்கொண்டிருந்தார். காரணம் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.  கத்தினதைப் பார்த்துவிட்டாள், எந்தப் பொண்ணுக்குத்தான் பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் மேல் கோபம்கூட வந்தது. பிடிக்கலைன்னா மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, எதுக்கு ஆசை காட்டணும்.

ஆறு மாசம் போனது. அவளுக்கு ஆரணிப் பக்கம் நிச்சயமாகிவிட்டதாகத் தரகர் வழியாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு மேஜையில் ஆள் இல்லை. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அந்த லிங்க்கைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை குறி எதுவும் வைக்கவில்லை. பன்னிரண்டுக்கும் உள்ளதை உள்ளபடி போட்டேன். அது பெரிய வேலையாக இருந்தது. ஆறாவது கேள்வியில் மூன்றாவது பதில், கத்துவேன், கத்திவிட்டுச் செய்து கொடுப்பேன். முன்பெல்லாம் அந்த வரியை நான் முழுசாகப் படிக்கவேயில்லை.

வந்தது ஒரு குட்டிப் பிசாசு. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலுக்குள் குடியிருக்கிறது. மண்டை பெரிசு, கால் சின்னது, பார்க்கச் சகிக்கவில்லை. யார் தொட்டாலும் ஊரைக் கூட்டுமாம். கூட்டிவிட்டு, வந்தவருக்குச் சுடச்சுடத் தண்ணீரும் ஊற்றிக் கொடுக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விவசாயியிடம் கத்திய பிறகு, பழைய மனுவைக் கிழித்துப் போட்டு, தாலுகா ஆபீசில் ஆளைப் போனில் பிடித்துச் சரியான நம்பரைக் கேட்டு வாங்கி, புது மனு எழுதி, கவுன்ட்டர் வரைக்கும் கூடவே போய் நின்றதும் நான்தான். காசு வேணாம் போய்யா, இனிமே இந்தப் பக்கம் வராத என்று அதையும் கத்தித்தான் சொன்னேன்.

படத்தை அவளுக்கு அனுப்பினேன். நிச்சயமான பெண்ணுக்கு அனுப்பலாமா என்று யோசிக்காமல் இல்லை. கீழே வாழ்த்துகள் என்று மட்டும் எழுதினேன். அன்று முழுக்க பதில் இல்லை. மறுநாள் காலை, மேஜையில் ஒரு அம்மாவுக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தது.

"இவர எனக்குத் தெரியும்ங்க. அன்னிக்கு வரிசைல நின்னு கடைசி வரைக்கும் பாத்தேன். தரகர் போட்டோ காட்டனப்ப, இவர்தான்னு தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என்ன தம்பி ஆச்சு என்று கேட்டார்கள். ஒண்ணுமில்லைங்க என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, "ஒரு நல்ல எடம்மா, நானே கெடுத்துக்கிட்டேன்" என்றேன்.